ரீட்டா ஜெயித்த கம்ப்யூட்டர்

ரீட்டா,

நீ பெங்களூருக்குப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்த அன்று பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணி அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசினாய். "டாடி கீறாரா?" என்று கேட்டாயாம். "கீறாரு, கூப்புடட்டா?" என்று அம்மா கேட்டதற்கு, "வாணாம், சும்மா கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் அப்போது அந்த வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அம்மா இதைச் சொன்னாள். பிறந்ததிலிருந்து நீ இந்த வீட்டை விட்டு எங்கும் போனதில்லை. அதனால் உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. முதல் கடிதத்திலேயே கசப்பானதை எழுத வேண்டியிருக்கிறது. இன்னும் சில மாதங்களில் இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, அதற்கடுத்த வருடம் நான் ரிட்டயர் ஆகிறேன். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்தது நீ ப்ளஸ் டூ படித்த வருடம். எங்கள் கம்பெனியின் கணக்கு ஆபீசுக்குப் புது மெஷின்கள் வந்தபோது, பழையவற்றைத் தொழிலாளிகளுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். என் பெயர் வந்தது. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து அயனம்பாக்கம் வரை ஆட்டோவில் வந்தேன். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு குழந்தையைப் பிடிப்பதுபோல் அதை அணைத்துப் பிடித்தேன். யார் கேட்டாலும் "சார்லஸ் படிப்புக்கு" என்று சொன்னேன். உன் தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. அவன் ஒரு வாரம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டான். நீதான் அதன் முன்னால் உட்கார்ந்தாய். பத்தாவது நாள் நான் வேலையிலிருந்து வரும்போது, என் ஸ்குரூ டிரைவரால் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பி வைத்திருந்தாய். நான் கை ஓங்கிவிட்டேன். அம்மா குறுக்கே வந்தாள். "ஃப்ளாப்பி போவ மாட்டேன்னுது டாடி, தூசு கீது, தொடைச்சிட்டு மாட்டிடறேன்" என்று நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாய். அரை மணி நேரத்தில் மாட்டினாய். ஃப்ளாப்பி வேலை செய்தது. முப்பது வருடம் லேத்தில் நின்று இரும்பு கடைந்தவன் நான். கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரிந்த கையை எனக்கு அடையாளம் தெரியாதா? தெரிந்தது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு இரண்டு வருடம் நாம் நன்றாக இருந்தோம். எனக்கு முதல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். டீயைக் குடித்துவிட்டு உன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்வேன். கம்ப்யூட்டரில் இருந்த கார் பந்தய விளையாட்டில் இடது வலது பட்டன்கள் உனக்கு, மேலே போகும் பட்டன் எனக்கு. நீ வண்டியைத் திருப்புவாய், நான் ஆக்சிலேட்டர். "வளைவு வருது டாடி, கையை எடு, கையை எடு!" என்று கத்துவாய். நான் எடுக்க மாட்டேன். வண்டி போய் மோதும். "உன்னோட ஆடினா உருப்பட முடியாது" என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய், நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்த கையோடு எஸ்டேட்டுக்குள் நுழைந்தவன் நான். என் ஐம்பத்தாறு வருடத்தில் நான் விளையாடியது அந்த முக்காலியில் உட்கார்ந்து ஆடியது மட்டும்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் எதை உடைத்தேன் என்று தெரிந்துதான் உடைத்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு சி.டி.யில் வரும் புதுப் புது விளையாட்டுகள் வந்தன. நம்முடைய பழைய 386 மெஷினில் எதுவும் ஓடவில்லை. ஓடினாலும் கார் மாட்டு வண்டியாக நகர்ந்தது. அது நீ காலேஜ் முடித்த வருடம். சார்லஸ் ப்ளஸ் டூ முடித்து, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேரக் காத்திருந்தான். வீட்டில் தினமும் இதே பேச்சு. "இந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு டாடி, எல்லார் ஊட்லயும் பென்டியம் கீது" என்பான் அவன். எனக்கோ ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வராது. தேய்ந்த லேத்துக்கு பேரிங் மாற்றி, ஸ்லைடைச் சுரண்டி, இன்னும் பத்து வருடம் ஓட்டிப் பழகியவன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒரு தாளை என் கையில் கொடுத்தாய். ஒரு பக்கம் "இருக்கலாம்" என்று எழுதி, கேபினெட், மானிட்டர், கீபோர்டு, ஃப்ளாப்பி டிரைவ் என்று வரிசையாகப் போட்டிருந்தாய். மறுபக்கம் "மாத்தணும்" என்று எழுதி, மதர்போர்டு, ராம், டிஸ்ப்ளே கார்டு. ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரில் "சந்தேகம்" என்று ஒரு கேள்விக்குறி. அடியில் கோடு போட்டு எழுதியிருந்ததுதான் எனக்குப் பிடித்தது. எந்த விளையாட்டு ஆடப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், அதற்கு எது போதும் என்று பார்த்து அதை மட்டும் மாற்ற வேண்டும், மாற்ற வேண்டியது பாதிக்கு மேல் போனால் புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று எழுதியிருந்தாய். எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்கள் ஒரு மெஷினைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அந்தத் தாளைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த வரதன் சாரிடம் காட்டினேன். அவர் மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "கரெக்டா எழுதியிருக்காங்களே. யாருங்க இது?" என்று கேட்டார். "என் பையன்" என்றேன்.

ரீட்டா, அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை. வரதன் சார், "நல்ல பையன், இன்ஜினியரிங் போடுங்க" என்றபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சார்லஸ் ப்ளஸ் டூவில் எடுத்த மார்க் உனக்குத் தெரியும். அவனுக்கு அந்த சீட் எப்படி வாங்கினேன் என்பதும் தெரியும். என் பிள்ளை ஒன்றுக்கும் ஆகாதவனோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தை மூட உன் கையெழுத்தை எடுத்து அவன் மேல் போர்த்தினேன். அவ்வளவு சுலபமாக அது முடிந்தது. அதனால்தான் இரண்டாவது முறையும் முடிந்தது.

சார்லஸ் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அண்ணா நகரில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் கடையில் கார் பந்தயப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஒரு புதுக் கம்ப்யூட்டர். இரண்டு வாரம் யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து ஆடிப் பழகலாம் என்றார்கள். நீ உன் சிநேகிதி கீதாவைக் கூட்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறிப் போனாய். கடைசிச் சுற்றுக்கு நான் வந்தேன். வந்ததற்குக் காரணம் உனக்குத் துணை என்று சொன்னேன். உண்மையில், இத்தனை பையன்களுக்கு நடுவில் என் பெண் தனியாக நிற்பதை யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால், பக்கத்தில் அப்பன் இருந்தான் என்று இருக்கட்டுமே என்றுதான் வந்தேன். முப்பது நாற்பது பையன்கள், இரண்டே பெண்கள். மற்றவள் முதல் சுற்றிலேயே போய்விட்டாள். உனக்கு எதிரில் உட்கார்ந்த பையன் பட்டனைக் குத்துகிறான், உதறுகிறான், உடம்பையே வண்டியோடு சேர்த்து வளைக்கிறான். நீ அசையவில்லை. உன் விரல் அழுத்தியதே தெரியவில்லை. லேத்தில் கடைசியாக ஒரு மெல்லிய கட் எடுப்போம், உலோகம் முடியிழை போல உரிந்து வரும், அப்போது கை ஹேண்டிலில் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். உன் கை அப்படி இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நீ வேகத்தை விட்டுக்கொடுத்தாய். வளைவு முடிந்ததும் அவன் எங்கோ பின்னால் இருந்தான். உன் பெயரை மைக்கில் கூப்பிட்டபோது என் கை தானாகத் தட்டியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "உங்க பொண்ணா சார்?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அந்த ஒரு இடத்தில்தான் உண்மையைச் சொன்னேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் நீ என்னிடம் பேசியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். "இனிமே சண்டையே இல்ல டாடி. புதுசு ஊட்ல இருக்கட்டும். பழசைச் சார்லஸ் காலேஜுக்கு எடுத்துக்கினு போவட்டும். அவனுக்கு டைப் அடிக்கத்தானே, அதுக்கு இது தாராளமா போதும். நான் ராம் மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுக்கறேன். புதுசுல நாம ரெண்டு பேரும் ஆடலாம்." நாம இரண்டு பேரும் என்று சொன்னாய். நான் தலையாட்டினேன். அப்போது மனசாரத்தான் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் டெம்போவில் அட்டைப் பெட்டிகள் வந்தன. தெருவே எட்டிப் பார்த்தது. எதிர் வீட்டு ஞானப்பிரகாசம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். சர்ச் கமிட்டியில் இருக்கிறவர், அவர் காதில் விழுந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பூசைக்கு வரும் பங்கு மக்கள் எல்லாருக்கும் போய்விடும். "இன்னா பிரதர், புதுக் கம்ப்யூட்டரா? வாங்கினியா?" என்று கேட்டார்.

"வாங்கல பிரதர். போட்டியில பரிசு."

"அடடே! யாரு ஜெயிச்சது?"

நீ கீபோர்டு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தாய். உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "பையன்தான், லீவுல வந்தப்போ ஜெயிச்சான்" என்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு காலையும் எடுத்து வைத்து உள்ளே போனாய். கொஞ்ச நேரத்தில் ஞானப்பிரகாசத்துக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததும் நீதான். அவர் உன்னிடம், "தம்பி கெட்டிக்காரன்மா" என்றார். நீ, "ஆமா அங்கிள்" என்றாய்.

பையன்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடி ஜெயித்த பெண் என்று உன்னைப் பற்றிப் பங்கில் பேச்சு வந்தால் நாளைக்கு உனக்கு வரன் அமைவது கஷ்டம், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு அம்மாவிடம் சமாளித்தேன். பல வருடம் எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. நான் ஆசைப்பட்ட பெருமை உன் வழியாக வந்தது, எனக்கு அது அவன் வழியாக வேண்டியிருந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சார்லஸ் ஹாஸ்டலிலிருந்து வந்தான். பெட்டியைப் பிரித்துக்கூட முடிக்கவில்லை, "இதை நான் எடுத்துக்கினு போறேன் டாடி, ரூம்ல எல்லாரும் வச்சிகினு கீறானுங்க, நான் மட்டும் அடுத்தவன்கிட்ட போய் நிக்கணுமா?" என்றான். அம்மாதான் முதலில் பேசினாள். "அது அவ ஜெயிச்சது." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு இன்னொரு ஊட்டுக்குப் போறவ. கேம் ஆடறதுக்கு ஒரு கம்ப்யூட்டரா? அவன் படிக்கறவன், எடுத்துக்கினு போவட்டும்" என்றேன். எல்லாரும் உன்னைப் பார்த்தோம். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் ஒருவேளை நான் இறங்கி வந்திருப்பேன். "எடுத்துக்கினு போவட்டும் டாடி" என்றாய். அம்மாவின் பழைய சேலைகளை மானிட்டருக்குச் சுற்றி, நீயே அழகாகப் பேக் பண்ணிக் கொடுத்தாய். எந்த ஒயர் எங்கே என்று அவனுக்குச் சொன்னாய். அவன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அமைதிக்காக உன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. செய்ததையெல்லாம் செய்துவிட்டு உன்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஒன்றுமில்லைதான். ஆனால் கேட்டுக்கொள், இனிமேல் எங்கேயும் அப்படி அமைதியாக இருந்துவிடாதே. நீ விட்டுக்கொடுத்தது பெருந்தன்மை என்று யாரும் நினைக்கவில்லை. உனக்கு அது வேண்டாம் போல என்று நினைத்துக்கொண்டோம், எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

அவனையும் பெட்டிகளையும் ஏற்றிய வண்டி போனபிறகு நான் உன்னிடம் வந்து, "நீதான் தாள்ல எழுதியிருக்கியே, பழசை மாத்தி ஓட்டலாம்னு. போர்டும் ராமும் நான் வாங்கித் தர்றேன்" என்றேன். வாங்கித் தரவில்லை. தீபாவளி போனஸ் என்றேன், பிறகு கிறிஸ்துமஸ் என்றேன், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பழையதை வைத்துக்கொண்டு சமாளி, உனக்கு அது போதும் என்று உன்னிடம் யாராவது இதமாகச் சொன்னால், புதிது யாருக்குப் போகிறது என்று உடனே கேள். நான் அப்பன். அப்பனே அப்படிச் செய்திருக்கிறேன். மற்றவர்கள் எம்மாத்திரம்?

போட்டி நடத்திய அந்தக் கடையிலேயே நீ வேலைக்குச் சேர்ந்தாய். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு மதர்போர்டு வந்தது. அடுத்து ராம். அடுத்து ஒரு டிஸ்ப்ளே கார்டு, பிறகு சி.டி. டிரைவ். உன் தாளில் "மாத்தணும்" என்று எழுதியிருந்தது எல்லாவற்றையும் நீயே ஒவ்வொன்றாக மாற்றினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் நான்கு மணிக்கு வந்தேன். உனக்கு அன்று வார லீவு. காதில் ஹெட்போன் மாட்டி ஆடிக்கொண்டிருந்தாய். திரையில் நான் அதுவரை பார்க்காத ஊர், சுவர்கள், படிகள், நீ அதற்குள் நடந்துகொண்டிருந்தாய். நான் முக்காலியை இழுத்துப் போட்டு, உன் தோளைத் தொட்டு, "ஆக்சிலேட்டர் நான் அழுத்தட்டா?" என்று கேட்டேன். நீ ஹெட்போனைக் கழற்றினாய். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொன்னாய். "இது மௌஸ்ல ஆடறது டாடி. ஒருத்தர்தான் ஆட முடியும்." நான் எழுந்து போய்க் கை கால் கழுவினேன். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நான் உட்காரவில்லை.

பூந்தமல்லியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கும் நான் திருந்தியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடச் சொன்னேன். பொண்ணு என்ன செய்கிறாள் என்று அவர்கள் கேட்டபோது, தையல் தெரியும், வீட்டோடு இருக்கிறாள் என்றேன். நீ காபித் தட்டை வைத்துவிட்டு நேராகப் போய் அந்தப் பெட்ஷீட்டை உருவினாய். "நான் கம்ப்யூட்டர் கடையில வேலை செய்யறேன் ஆன்ட்டி. மெஷின் அசெம்பிள் பண்ணுவேன். கேமும் நல்லா ஆடுவேன். தையல் தெரியாது." அவர்கள் திரும்பி வரவில்லை. நான் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில் நீ அதைக் கவனித்தாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சார்லஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவன் இரண்டாம் வருடம் படிக்கும்போது, முறுக்கும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். அவன் மேஜை காலியாக இருந்தது. கேட்டதற்கு, "அது பழசாயிட்ச்சி டாடி, ஸ்லோவா இருந்துச்சி. வித்துட்டேன்" என்றான். கீழே ஒரு மோட்டார் பைக் நின்றது. ஒன்றரை வருடம் ஆன மெஷின். அந்த பைக்கிலேயே என்னை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான், நானும் ஏறி உட்கார்ந்து வந்தேன். வீட்டில் உன்னிடம், "தம்பி கம்ப்யூட்டரைப் பத்திரமா வச்சிகினு கீறான்" என்றேன். நீ, "சரி டாடி" என்றாய். இதைக் கடைசிவரை உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் பழைய மெஷினைத் தரையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். பெங்களூரில் விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனியில் உனக்கு வேலை, புது விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கே சம்பளம் தருகிறார்களாம் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வாசலில் நின்றபடி, "இதை எடுத்துக்கினு போவலையா? இன்னொரு வாட்டி ஏதாவது மாத்தினா ஓடாதா?" என்று கேட்டேன்.

"ஓடாது டாடி. போர்டை மாத்தினா ராமை மாத்தணும், ராமை மாத்தினா கார்டு செட் ஆவாது. கேபினெட் கூட இனிமே சேராது. எல்லாத்தையும் மாத்தினப்புறம் பழசுன்னு இன்னா கீது?"

"சார்லஸ்கிட்ட அந்தப் புதுசு கீதே, அதையாவது கேட்டு வாங்கட்டா?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியவில்லை. போகும்போதாவது உனக்கு ஏதோ தருகிறவனாக நிற்க ஆசைப்பட்டிருப்பேன்.

நீ ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாய். "டாடி, அவன் அதை வித்து மூணு வருஷம் ஆவுது. விக்கறதுக்கு முன்னாடி எனக்குத்தான் கடைக்கு போன் பண்ணான், எவ்ளோ சொல்லலாம்னு. நான்தான் விலை சொன்னேன்."

"உனக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியும்னும் எனக்குத் தெரியும்" என்றாய். சொல்லிவிட்டு மறுபடி பிரிக்க ஆரம்பித்தாய். மூன்று வருடம் நான் உன்னிடம் பொய் சொல்லும்போதெல்லாம் நீ "சரி டாடி" என்று சொன்னது எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டது.

நீ போன அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது ஞானப்பிரகாசம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் அவரை நிறுத்தினேன். "பிரதர், ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்ப்யூட்டர் போட்டியில ஜெயிச்சது சார்லஸ் இல்ல. ரீட்டாதான். நான் பொய் சொல்லிட்டேன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்தப் போட்டி? ஓ, அதுவா! எந்தப் புள்ளையா இருந்தா இன்னா பிரதர், ஊட்டுக்குத்தானே வந்துது?" என்று சொல்லிவிட்டு, என் சுகர் எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டார். அவ்வளவுதான், ரீட்டா. யாரும் என்னைக் காறித் துப்பவில்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை. அன்றைக்கு டெம்போவுக்குப் பக்கத்தில் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். இவ்வளவு மலிவான உண்மையை நான் உனக்குத் தரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை மறைத்து இந்தக் கடிதத்தை முடித்தால் மறுபடியும் பழைய ஆளாகிவிடுவேன். இந்தத் தாளையும் பேனாவையும் நான் எடுத்தது மன்னிப்புக் கேட்பதற்கு இல்லை. முந்தாநாள் சார்லஸ் வந்திருந்தான். எந்த வேலையிலும் நிற்கவில்லை, கம்ப்யூட்டர் சென்டர் வைக்கப்போகிறானாம். "அக்கா கம்பெனியில நல்ல மெஷினா கழிச்சிப் போடுவாங்க டாடி. நாலஞ்சி வாங்கி அனுப்பச் சொல்லு. நான் கேட்டா யோசிப்பா, நீ எழுது. நீ சொன்னா குடுத்துடுவா" என்றான். நானும் எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். "ரீட்டா" என்று மேலே எழுதிவிட்டு, அடுத்து தம்பிக்கு ஒரு உதவி என்று எழுதப்போனேன். கை ஓடவில்லை. அதற்குப் பதிலாக எழுதியதுதான் இவ்வளவும்.

கொடுக்காதே. அவன் அழுதுகொண்டு போன் பண்ணினாலும் கொடுக்காதே. அம்மாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை, அவள் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டாள். ஆனால் என்னை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் போனால் அவன் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு இளகும். நானே பக்கத்து வீட்டுக்குப் போய் உனக்கு போன் பண்ணி, இந்தக் கடிதத்தில் எழுதியது எதுவும் எழுதாதவன் போல, "போனாப் போவுது, தம்பிதானே, குடுத்துடும்மா" என்று சொல்வேன். அப்போது "சரி டாடி" என்று மட்டும் சொல்லிவிடாதே. முடியாது என்று சொல்லிவிட்டு போனை வை.

உன் டாடி